“சுறா வந்தா என்ன செய்ய?” அந்தமானுக்குப் போகிற நாகர்கோவில் தம்பிக்கு

நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தை மாதம் மனைவியோடு அந்தமான் போகிறார். ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், ஸ்கூபாவுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. விஷயம் காதுக்கு எட்டியதும் மாமியார், “சுறா கெடக்குற கடல்லயா எம்பிள்ளைய எறக்கப் போறீரு?” என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாக மருமகனிடம் பேசுவதில்லையாம். சுறா வருமா, வந்தால் என்ன செய்வது, வேறு எதற்குப் பயப்பட வேண்டும், மனைவிக்கு மாதவிடாய் நாளாக அமைந்துவிட்டால் இறங்கலாமா, இவ்வளவு தூரம் போகாமல் நம்ம கன்னியாகுமரிக் கடலிலேயே இறங்கினால் என்ன. இவைதான் கேள்விகள்.

என்னைப் பற்றி ஒரு வரி. கடியப்பட்டணம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவன். அப்பா சிப்பி எடுக்கிறவர். அந்தமானில் சில வருடம் டைவ் பயிற்சியாளனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன்.

தம்பி, உங்கள் மாமியார் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. சுறாவைக் கண்டு பயப்பட இந்த உலகத்தில் யாருக்கு உரிமை இருந்தாலும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லை. நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை வரிசையாகக் கிடக்கும் எட்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர்க்காரர்கள் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவோம். இந்தியாவில் ஆழ்கடல் சுறா பிடிப்பதில் அவர்களுக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலோடு குஜராத், லட்சத்தீவு, மாலத்தீவுப் பக்கம் என்று வாரக்கணக்கில் போவார்கள். இந்தியப் பெருங்கடல் நடுவில் இருக்கும் டீகோ கார்சியாத் தீவை ஒட்டிய கடல்வரை போய்ப் பிடிபட்டுத் திரும்பியவர்களும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால்சுறா வைத்துக் கொடுக்காத வீடு நம் பக்கம் எத்தனை இருக்கிறது? உங்கள் மாமியாரும் சுறாப்புட்டு அவித்திருப்பார். சுறா நம்மைத் தின்றதைவிட நாம் சுறாவைத் தின்றதுதான் பல லட்சம் மடங்கு.

சரி, வருமா? நீங்கள் செய்யப்போவது பயிற்சியில்லாதவர்களுக்கான முதல் முழுக்கு. பயிற்சியாளர் உங்கள் முதுகிலிருக்கும் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார். 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார், பெரும்பாலும் அதற்கும் மேலேயே நிறுத்திவிடுவார். அந்த ஆழத்தில், ஆட்கள் போவதும் வருவதுமாக இருக்கும் பார்களில், அதாவது கடலடிப் பவளப் பாறைத் திட்டுகளில், சுறாவைப் பார்ப்பது அபூர்வம். மீறிப் பார்த்தால் அது அநேகமாகக் கருமுனைச் சுறா. செதிலின், அதாவது நீந்தும் துடுப்பின், நுனியில் மை தொட்டு வைத்ததுபோலக் கறுப்பாக இருக்கும். நீளம் ஒன்றரை மீட்டர். நம்மைக் கண்டதும் திரும்பிப் போய்விடும், அடுத்த முறை வரவே வராது. அல்லது வெள்ளைமுனைச் சுறா. அது பகல் முழுக்கப் பாறைப் பொந்துக்குள் படுத்துக் கிடக்கும், இரவில்தான் இரை தேடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் சாய்ந்த ஆளை எழுப்பினால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படித்தான் அதுவும் நம்மைப் பார்க்கும்.

உலகத்தில் 500க்கு மேற்பட்ட சுறா வகைகள் இருக்கின்றன. மனிதரைக் கொன்றதாகப் பதிவாகியவற்றில் பெரும்பாலானவை மூன்றே வகையின் கணக்கில் வரும்: பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. உலகம் முழுதும் சேர்த்து, நாம் சீண்டாமல் சுறா தானாகக் கடித்த சம்பவங்கள் ஆண்டுக்கு 60, 70தான். உயிரிழப்பு ஒற்றை இலக்கம் அல்லது அதை ஒட்டி. கடிபட்டவர்களிலும் முக்கால்வாசிப்பேர் மேற்பரப்பில் அலைச்சறுக்கு விளையாடியவர்களும் நீந்தியவர்களும்தான். சிலிண்டர் கட்டிக் கீழே போனவர்கள் மிகக் குறைவு. நாம் விடும் குமிழிச் சத்தம் பல சுறாக்களுக்குப் பிடிப்பதில்லை. சுத்தியல் தலைக் கொம்பன் சுறாக் கூட்டத்தைக் கிட்டத்தில் படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், குமிழி விடாத விலையுயர்ந்த கருவியை மாட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பயம் வரும். அதற்குப் பாதிக் காரணம் தண்ணீர் சொல்லும் பொய். கண்ணாடி மாட்டிப் பார்க்கும்போது ஒளி தண்ணீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வளைந்து வருகிறது. அதனால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். ஒன்றரை மீட்டர்ச் சுறா இரண்டு மீட்டர் ஆகிவிடும். மேலே வந்து படகில் ஏறும்போது அது மூன்று மீட்டர், இரவு ஹோட்டலில் கதை சொல்லும்போது ஐந்து. நான் கூட்டிப்போன ஒருவர் ‘வள்ளம் நீளம் இருந்தது’ என்று சத்தியம் செய்தார். நானும் அதே சுறாவைத்தான் பார்த்தேன், என் கால் நீளத்துக்குச் சற்றுக் கூட. சத்தமும் அப்படித்தான். தண்ணீருக்குள் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளைக்குப் பிடிபடாது. நிறத்தில் முதலில் சாவது சிவப்பு. சில மீட்டர் இறங்கியதுமே மங்கிவிடும். இன்னும் ஆழத்தில் விரல் கிழிந்தால் பச்சையாக ஏதோ புகைவதுபோல இரத்தம் போகும். முதல்முறை பார்த்தபோது எனக்கே வயிறு கலங்கியது.

இனி, வந்தால் என்ன செய்ய என்பது. ஒன்றும் செய்யாதீர்கள். கேலிக்குச் சொல்லவில்லை, அதுதான் பாடமே. கையைக் காலை உதறினால் அடிபட்ட மீன் துடிக்கிற அதிர்வு உண்டாகும். சுறாவின் உடலின் இருபக்கமும் ஓடும் கோட்டில் அந்த அதிர்வு படும். மூக்கு நுனியில் உள்ள நுண்ணிய குழிகளால் உயிர்களின் உடம்பில் உள்ள மின்சாரத்தைக்கூட அது உணரும். ஆகவே அமைதியாக நில்லுங்கள். பாறையோ பாரோ பக்கத்தில் இருந்தால் முதுகை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், தொட வேண்டாம். சுறாவின் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பின்னாலிருந்து வருகிற பழக்கம் உள்ள பிராணி, நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தால் கிட்ட வருவதற்கு யோசிக்கும். துரத்திக்கொண்டு போய்ப் படம் எடுக்க வேண்டாம். பொந்துக்குள் படுத்திருப்பதன் வாசலை மறிக்க வேண்டாம். கடிபட்ட டைவர்களில் பலர் அதைச் சீண்டியவர்கள், இரை காட்டியவர்கள், குத்தூசியில் மீனைக் குத்தி இடுப்பில் தொங்கவிட்டவர்கள்.

ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் மனதில் வையுங்கள். லட்சத்தீவிலும் அந்தமானிலும் சாம்பல் நிறப் பார்ச் சுறா ஒன்று உண்டு. அதை நெருக்கிவிட்டால் முதுகைக் கூன்போல வளைக்கும், மார்புச் செதில்களைக் கீழே தொங்கவிடும், உடம்பை மிகையாக ஆட்டி ஆட்டி நீந்தும். சந்தையில் சண்டைக்கு முன் வேட்டியை மடித்துக் கட்டுகிற ஆள் மாதிரி. ‘விலகு’ என்று அர்த்தம். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டே மெதுவாகப் பின்வாங்கினால் போதும், அது தன் வழியே போய்விடும்.

மாதவிடாய் பற்றி. கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதே இல்லை. தாராளமாக இறங்கலாம். அந்த நாட்களில் டைவ் செய்த பெண்களைச் சுறா கூடுதலாகத் தாக்கியதற்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரு சொட்டு இரத்தத்தை மைல் கணக்கில் மோப்பம் பிடிக்கும் என்பது சினிமாக் கதை. வாசனை தண்ணீரோடு ஓடி வந்து மூக்கில் பட்டால்தான் அதற்குத் தெரியும். வயிற்றுவலி, களைப்பு இருந்தால் இறங்க வேண்டாம், அது அவருடைய உடம்பு சொல்ல வேண்டியது. என்னோடு வேலை பார்த்த பெண் பயிற்சியாளர்கள் மாதம் முழுக்க இறங்கினார்கள்.

இப்போது நான் உண்மையில் பயப்படுகிறவை. அந்தமானில் என் உடம்பில் பல் பதித்த ஒரே மீன் சுறா அல்ல, கிளாத்தி. நம்ம ஊர்க் கிளாத்தியின் பெரியப்பா மாதிரி ஒன்று, மஞ்சளும் பச்சையுமாக, முக்கால் மீட்டர் வரை வளரும். முட்டையிட்டுக் காவல் இருக்கும்போது அதற்கு அந்தமான் முழுதும் சொந்தம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது காக்கும் எல்லை கூட்டில் தொடங்கி மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும், கவிழ்த்து வைக்காத புனல் போல. துரத்தினால் மேலே ஏறித் தப்பலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏற ஏற அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்போம். பக்கவாட்டில் விலக வேண்டும், காலில் உள்ள துடுப்பை அதன் பக்கம் காட்டிக்கொண்டே. நான் மேலே ஏறியவன். துடுப்பில் ஒரு துண்டு போயிற்று, கெண்டைக்காலில் இன்னும் பிறைபோலத் தழும்பு.

பாறைப் பொந்தில் கிடக்கும் பாம்பு போன்ற மீனான அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடும். மிரட்டுகிறது என்று நினைப்பார்கள், மூச்சு விடுகிறது அவ்வளவுதான். பொந்தில் கையை விட்டால்தான் வம்பு. சிங்கி இறால் தேடி விரல் இழந்த கதைகள் நம் கரையிலும் உண்டு. கல் மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும், சிங்கமீன் விசிறி விரித்து அழகாக மிதக்கும், இரண்டுக்கும் முதுகு முள்ளில் விஷம். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், வாலில் முள். இந்த மூன்று முள்ளுக்கும் முதல் வைத்தியம் சுடுதண்ணீர். தோல் வெந்துவிடாமல் தாங்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி, அரை மணி நேரத்துக்கு மேல் அடிபட்ட இடத்தை முக்கி வைத்தால் வலி அடங்கும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. ஐஸ் வைக்காதீர்கள். கடல் பாம்பு சில நேரம் ஆர்வத்தில் நம்மைச் சுற்றி வரும். அதன் விஷம் கொடியது, ஆனால் சீண்டாமல் கடிப்பது அபூர்வம். அதற்காகக் கையில் பிடித்துப் படம் எடுக்காதீர்கள். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு தரைப்பாம்புகளுக்கானது. இத்தனையையும் ஒரே வரியில் சொன்னால்: எதையும் தொடாதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு மிதங்கள்.

இன்னொன்றை மாமியாரிடம் சொல்ல வேண்டாம். அந்தமானில் சுறாவைவிட உப்புத்தண்ணி முதலைதான் நிஜமான ஆபத்து. 2010இல் ஸ்வராஜ் தீவில் கரையோரம் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவரை முதலை கொன்றது. முதலைப் பலகை வைத்திருக்கும் கரையில், அலையாத்திக் காட்டு ஓடை கடலில் சேருமிடத்தில், பொழுது சாய்ந்த பிறகு, தண்ணீரில் கால் வைக்காதீர்கள். படகில் பாருக்குப் போய் இறங்கும் டைவுக்கு அந்தக் கவலை இல்லை.

நம்ம கடலில் இறங்கினால் என்ன என்று கேட்டீர்கள். எனக்கும் ஆசைதான். முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், இனயம் பக்கப் பாறைகளில் சிப்பி அப்பிக் கிடக்கும். பொந்தெல்லாம் சிங்கி இறால், கலவா மீன், எட்டுக்கால் பேய்க்கணவாய். பாறை விளிம்பில் பாரை மீன் கூட்டமாகச் சுழலும். காலையில் ஓங்கல், அதாவது டால்பின், துள்ளுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் இது அந்தமான் போலக் கண்ணாடித் தண்ணீர் இல்லை. குழித்துறை ஆறும் வள்ளியாறும் பழையாறும் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அலை பாறையில் மோதிக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. மார்கழி தாண்டிப் பங்குனிக்குள் தண்ணீர் தெளிந்தால் உண்டு, ஆனி ஆடியில் நினைக்கவே வேண்டாம். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் இருப்பதைப் பாருங்கள். சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல். இரண்டு கடலின் குணமும் மோதும் மூலை இது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்த நேரம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று என் அப்பாவுக்குத் தெரியும், எனக்கு அரைகுறை, உங்களுக்கு நிச்சயம் தெரியாது.

நம் கரையில் உயிரைக் கேட்பது அலைதான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் போனார்களே, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. மேலே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தெற்கே நடுக்கடலில் அடித்த புயலின் அலை திடீரென்று கரையேறும். திருடன் மாதிரி வருவதால்தான் அந்தப் பெயர். டைவ் செய்யப் பழக வேண்டும் என்றால் புதுச்சேரியோ கேரளத்துக் கோவளமோ போய் முறையாகப் படித்துவிட்டு வாருங்கள். பிறகு தெளிந்த நாள் ஒன்றில் நானே கூட்டிப்போகிறேன்.

சுறாவைப் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் நம் கடல் இப்போது லாயக்கில்லை. குமரி முனைக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் கரை, 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று உறுதியான மீன்வளப் பகுதி, ஒரு காலத்தில் சுறாவுக்குப் பேர் போனது. தூத்தூர் பெரியவர்கள் ‘முன்னே ரெண்டு நாள் ஓடுனா போதும், இப்பம் பத்து நாள் ஓடணும்’ என்கிறார்கள். உலகக் கணக்கும் அதுதான்: 1970க்குப் பிறகு ஆழ்கடல் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் வந்த ஆய்வு சொல்கிறது. மத்தி ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை போடும். சுறா அப்படி இல்லை. பல வகைகள் வயதுக்கு வரவே பத்து வருடம் ஆகும், ஒரு வருடம் சுமந்து விரல்விட்டு எண்ணக்கூடிய குட்டிகளைப் போடும். 2001இல் திமிங்கிலச் சுறாவையும், ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் உட்பட இன்னும் சில இனங்களையும் காட்டுயிர்ச் சட்டத்தில் புலிக்குச் சமமாக வைத்தார்கள். 2013இல் செதிலை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் தள்ளக் கூடாது என்றார்கள். 2015இல் செதில் ஏற்றுமதியே தடையாயிற்று. தூத்தூர்ப் படகுகள் பல சூரைக்கு மாறின. தடையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தச் சுறாவைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று கடலோடிக்கு அவன் மொழியில் சொல்லாமலே வழக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குஜராத்தில் வேறு மாதிரி செய்தார்கள். திமிங்கிலச் சுறாவைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மீனவர்களிடம் பேசினார்கள். அதற்குப் பிறகு அவர்களே வலையை அறுத்து நூற்றுக்கணக்கில் விடுவித்திருக்கிறார்கள். நம் ஊரிலும் அப்படிப் பேசியிருந்தால் கேட்டிருப்பார்கள்.

அந்தத் திமிங்கிலச் சுறாவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மேலே வெளிச்சம் மங்கியது, மேகம் என்று நினைத்தேன். அண்ணாந்தால் வெளுத்த ஒரு வயிறு போய்க்கொண்டே இருக்கிறது. கூட வந்த ஒட்டுமீன் ஒன்று என் சிலிண்டரில் ஒட்டப் பார்த்தது. மீன்களில் இதைவிடப் பெரியது கிடையாது, உணவோ பெரும்பாலும் சின்னஞ்சிறு மிதவை உயிர்கள்.

கடைசியாக, இதுவரை கேட்காத ஒன்று. அப்பா சிப்பிக்கு முக்குளிக்கும்போது மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு போவார், அதே மூச்சோடு திரும்பி வருவார். ஆழத்தில் சுருங்கிய காற்று மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். உங்கள் கதை வேறு. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். சுறாவைப் பார்த்து ஒருவர் செத்தார் என்றால் இப்படித்தான் செத்திருப்பார்: பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்து. ஆகவே என்ன வந்தாலும் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்யுங்கள், வலித்த பிறகு அல்ல, வலிக்கும் முன்னாலேயே. நாற்பது வருடம் முக்குளித்த அப்பாவைச் சுறா எதுவும் செய்யவில்லை. ஆனால் இப்போது கிட்டத்தில் நின்று கத்தினால்தான் அவருக்குக் கேட்கும்.

சளி பிடித்திருந்தால் அன்று இறங்காதீர்கள், பணம் போனால் போகட்டும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய போர்ட் பிளேரிலிருந்து, திரும்பும் விமானம் எப்போது என்று பார்த்து, கடைசி டைவுக்கும் அதற்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள். டைவை முதல் நாளே வைத்துக்கொண்டால் அந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.